பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்கு: ஒரு வினாத்தாளும் இரண்டு பயிற்சித் திட்டங்களும்

பள்ளிப் பயத்துக்கு உதவி தேடும் பெற்றோர் முன்னால் செயலிகள், மூச்சுப் பயிற்சி அட்டைகள், பயிற்சி ஏடுகள், ஆலோசனைத் தொகுப்புகள் என்று நிறையவே கொட்டிக் கிடக்கின்றன. ஆய்வுகளில் தாக்குப்பிடித்தவை அவற்றில் கொஞ்சம்தான். அப்படி நின்ற மூன்றை இங்கே எடுத்துப் பார்க்கிறோம்: உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னியின் பள்ளி மறுப்பு மதிப்பீட்டு வினாத்தாள், டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கெண்டல் உருவாக்கிய 'கோப்பிங் கேட்' என்ற பிள்ளைகளுக்கான பயிற்சி, யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் வடிவமைத்த 'ஸ்பேஸ்' என்ற பெற்றோர் பயிற்சி. மூன்றையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறோம். பிள்ளை மறுபடி பள்ளி வாசலை மிதிக்க இது எத்தனை நாள் எடுக்கும்?

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பள்ளி மறுப்பு நாளாக ஆக இறுகிக்கொண்டே போகும். காலையில் பிள்ளைக்கு வயிற்றைப் பிசைகிறது, கை சில்லிடுகிறது, குமட்டுகிறது. "இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா" என்கிறது. "சரி, இரு" என்று அம்மா சொன்ன அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. உடனே வீட்டில் இருப்பவர்கள் "பாத்தியா, நடிப்பு" என்பார்கள். நடிப்பு இல்லை. வலியும் நிஜம், அது அடங்கியதும் நிஜம். பயம் வந்ததும் உடல் ஓடுவதற்குத் தயாராகிறது, செரிமானம் தடுமாறுகிறது. ஓட வேண்டியதில்லை என்று தெரிந்ததும் சமநிலைக்குத் திரும்புகிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் மூளை ஒரு பாடத்தையும் படித்துவிடுகிறது: போகாமல் இருந்தால்தான் தப்பிக்க முடியும். மறுநாள் பயம் இன்னும் சீக்கிரமாகவே, படுக்கையிலேயே தொடங்குகிறது. இதற்கிடையே பாடம் குவிகிறது, தோழர்கள் இடத்தை வேறு யாரோ நிரப்புகிறார்கள், "ஏன் வரல?" என்ற கேள்வி வகுப்பில் காத்திருக்கிறது. இரண்டு நாள் விடுப்புக்குப் பின் திரும்புவதும் இரண்டு மாதத்துக்குப் பின் திரும்புவதும் ஒன்றல்ல. அதனால்தான் 'முதலில் மனசு சரியாகட்டும், பிறகு பள்ளி' என்று விற்கப்படும் எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. போகப் போகத்தான் மனசு சரியாகும்.

எதைத் தொடங்குவதற்கு முன்பும் சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். குழந்தை மருத்துவர் ஒருமுறை உடலைச் சோதிக்கட்டும். விடுமுறை நாளிலும் வலி வந்தால், தூக்கத்திலிருந்து எழுப்புகிற அளவுக்கு வலித்தால், எடை குறைந்தால் அதைப் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது. அடுத்து, பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, கேலி செய்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். நிஜமான ஆபத்துக்குள் பிள்ளையைப் 'படிப்படியாகப் பழக்குவது' சிகிச்சையாகாது, கொடுமை. வாசிப்புக் குறைபாடு, கவனக் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவையும் பள்ளி மறுப்பின் உருவில் வெளிப்படலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை சத்தமாக வாசிக்கச் சொல்லும் வகுப்புக்கு அஞ்சினால், பயத்துக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

முதலில் வினாத்தாள். கியர்னியும் வெண்டி சில்வர்மனும் 1993-ல் வெளியிட்டபோது இதில் 16 கேள்விகள். 2002-ல் திருத்திய வடிவில் 24. பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். பிள்ளைக்கு என்ன நோய் என்று இது கேட்பதில்லை. போகாமல் இருப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறது. விடை நான்கில் ஒன்று, அல்லது சில சேர்ந்தது: பள்ளிச் சூழலே தரும் கலக்கத்திலிருந்து தப்பித்தல்; தேர்வு, பேச்சு, சக மாணவர் போன்ற மதிப்பிடப்படும் தருணங்களிலிருந்து தப்பித்தல்; அம்மா அப்பாவின் அருகாமை; வீட்டிலோ வெளியிலோ கிடைக்கும் விளையாட்டு, திரை, தூக்கம். 1, 5, 9, 13, 17, 21-ஆம் கேள்விகள் முதல் காரணத்துக்கு. 2, 6, 10 என்று தொடங்குபவை இரண்டாவதற்கு. இப்படியே மற்ற இரண்டும். ஆறு கேள்விகளின் சராசரி எடுத்து, பிள்ளையின் தாளையும் பெற்றோரின் தாளையும் சேர்த்து மறுபடி சராசரி பார்க்க வேண்டும். மகள் தாளில் இரண்டாவது காரணம் 4.2, பெற்றோர் தாளில் 3.6 என்றால் கூட்டுச் சராசரி 3.9. நான்கில் எது உயரமாக நிற்கிறதோ அதுவே முதன்மைக் காரணம். உயரமாக நிற்கும் இரண்டு காரணங்களுக்கு இடையே 0.25-க்குள் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் சமமாகவே எடுத்துக்கொள்வது வழக்கம்.

கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தத் தாள், பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். அருகாமை வேண்டி வீட்டில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பெரிய பயன் இல்லை. காலை நேர ஒழுங்கை மாற்ற வேண்டும். வகுப்பு முன்னால் நின்று பேசப் பயப்படும் பதினைந்து வயதுப் பையனிடம் கைபேசியைப் பிடுங்கினால் பயம் குறையாது. இரண்டிலும் தவறான பூட்டுக்குச் சாவி செய்துகொண்டிருப்போம்.

குறைகளும் உண்டு. பதின்ம வயதினர் சிலர் எரிச்சலில் எல்லாவற்றுக்கும் 0 வட்டமிட்டுவிடுவார்கள். அப்போது தாளை வைத்துவிட்டு ஒரு நாள் கழித்துக் கேட்பது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குக் கேள்வியைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், விடையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக நிரப்பட்டும். இருவர் தாளும் பெரிதாக வேறுபட்டால், காலையில் யார் வீட்டில் இருக்கிறார், யார் கண்ணில் என்ன படுகிறது என்று பேச அதுவே நல்ல தொடக்கம். இன்னொன்று, காரணம் மாறும். பயத்தில் தொடங்கிய மறுப்பில் ஐந்தாவது வாரம் வீட்டு விளையாட்டின் ருசியும் சேர்ந்திருக்கும். ஒருமுறை நிரப்பிய தாளையே ஆறு மாதம் வைத்து முடிவெடுப்பது பலர் செய்கிற பிழை.

'கோப்பிங் கேட்' 7 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்கானது. பதின்ம வயதினருக்கு இதே முறையில் தனி வடிவம் இருக்கிறது. மொத்தம் 16 அமர்வுகள், வாரம் ஒன்று. பிள்ளை முதலில் தன் உடலில் பயம் எங்கே தெரிகிறது என்று கவனிக்கிறது, பிறகு என்ன கெடுதல் நடக்கும் என்று மனம் சொல்கிறது எனக் கண்டுபிடிக்கிறது, அதற்கு எதிராக என்ன நினைக்கலாம், என்ன செய்யலாம் என்று யோசிக்கிறது, கடைசியில் முயற்சிக்குத் தனக்குத் தானே மதிப்பெண்ணும் பரிசும் தருகிறது. இந்த நான்கு படிகள்தான் திட்டத்தின் முதுகெலும்பு. 4-ஆம், 9-ஆம் அமர்வுகள் பெற்றோருக்கு. 10-ஆம் அமர்விலிருந்து பயத்தை நேரில் எதிர்கொள்ளும் பயிற்சி. முதலில் லேசானது, பிறகு நடுத்தரம், கடைசியில் கடினமானது. இறுதி அமர்வில் தான் கற்றதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு சின்ன 'விளம்பரப் படம்' எடுக்கிறது பிள்ளை. இதைத் தேவையில்லாத அலங்காரம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. தான் பயந்தவன் இல்லை, பயத்தைக் கையாளத் தெரிந்தவன் என்று பிள்ளை தன் வாயால் சொல்வது அங்கேதான்.

இந்தத் திட்டம் முதலில் 47 பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டு 1994-ல் வெளியானது. 2008-ல் இன்னும் பெரிய சோதனை: 7 முதல் 17 வயது வரை 488 பேர், 12 வாரம். இந்த வகைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 59.7 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ரலின் மருந்து மட்டும் என்றால் 54.9, இரண்டும் சேர்த்தால் 80.7, வெற்று மாத்திரைக்கு 23.7. பயிற்சியா மருந்தா என்று வீட்டில் நடக்கும் சண்டைக்கு இந்த எண்கள் நல்ல பதில். கடுமையான பதற்றத்தில் இரண்டும் சேர்ந்தே அதிகம் உதவுகின்றன. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மனநல மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பதற்றத்தால் பள்ளிக்கே போகாமல் இருந்த பிள்ளைகளை அந்தப் பெரிய சோதனையில் சேர்த்துக்கொள்ளவில்லை. விற்பனைப் பக்கங்களில் இந்த எண்களைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. பதற்றத்தோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அவை பொருந்தும். மூன்று வாரமாக வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நம் கேள்விக்கு வந்தால் 'கோப்பிங் கேட்' தடுமாறுகிறது. எதிர்கொள்ளும் பயிற்சி 10-ஆம் அமர்வில் தொடங்குகிறது என்றால், வாரம் ஒன்று என்ற கணக்கில் அதற்கு முன்பே இரண்டு மாதம் போய்விடும். வீட்டில் முடங்கிய பிள்ளைக்கு அது தாங்காது. சிகிச்சையாளர் முதல் ஒன்பது அமர்வுகளைச் சுருக்கி, பள்ளிப் படிகளை நான்காவது வாரத்துக்குள் தொடங்குவாரா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். "அதெல்லாம் கடைசியில்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். இதன் பயிற்சி ஏட்டை வாங்கி வீட்டிலேயே நிரப்பவைக்கும் பெற்றோரிடமும் இதே பிழை. பக்கங்கள் நிறைகின்றன, படங்களுக்கு வண்ணம் தீட்டியாகிறது, பிள்ளை தெரு முனையைக்கூடத் தாண்டவில்லை. முதல் பாதியை ஆர்வமாகச் செய்துவிட்டு, அழுகை வரும் இரண்டாம் பாதியில் நிறுத்திவிட்டால் திட்டத்தின் சாரமே கைக்கு வராமல் போகும்.

'ஸ்பேஸ்' முற்றிலும் வேறு பாதை. இதில் பிள்ளை வரவே வேண்டியதில்லை. பெற்றோர் மட்டும் வாரம் ஒன்றாக 12 அமர்வு. கதவைப் பூட்டிக்கொண்டு 'எந்த டாக்டர்கிட்டயும் வரமாட்டேன்' என்று இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளை வைத்து நடத்திய ஒப்பீடு 2020-ல் அச்சானது. பெற்றோருக்கு மட்டும் தந்த இந்தப் பயிற்சி, பிள்ளைக்கு நேரடியாகத் தரும் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை என்று அதில் தெரிந்தது.

இதன் அடிப்படை, பயத்துக்கு வீடு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று கணக்கெடுப்பது. முதல் வாரம் பெற்றோர் ஒரு தாளில் காலை முதல் இரவு வரை எழுதுகிறார்கள். பள்ளிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொன்னது. கட்டிலுக்கே காலை உணவு கொண்டுபோனது. 'நாளைக்கு என்ன ஆகும்' என்ற கேள்விக்கு இரவில் இருபது முறை பதில் சொன்னது. வேலைக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்தது. பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் கண் கலங்கும். குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை, அத்தனையும் அன்பில் செய்தது. ஆனால் ஒவ்வொன்றும் பிள்ளையிடம் 'உன்னால் இது முடியாது' என்று சொல்லாமல் சொல்கிறது.

அந்தத் தாளிலிருந்து ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிக்கடி நடப்பதாக இருக்கட்டும், முழுக்கப் பெற்றோர் கையில் இருப்பதாக இருக்கட்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'திங்கள் முதல் நீ பள்ளிக்குப் போகணும்' என்பது இந்தத் திட்டத்தில் இலக்கே ஆகாது, ஏனென்றால் அது பிள்ளையின் செயல். 'திங்கள் முதல் நாங்கள் பள்ளிக்குப் பொய்க் காரணம் சொல்லமாட்டோம்', 'பள்ளி நேரத்தில் வீட்டு இணையம் ஓடாது' என்பவை இலக்கு, ஏனென்றால் அவற்றைச் செய்யப் பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. பிடிவாதத்தோடு மோதாமல் சூழலை மாற்றுவதுதான் இதன் பலம்.

பிறகு ஒரு சின்னக் கடிதம். வாய்ப்பேச்சு சண்டையாகிவிடும் என்பதால் எழுதியே தரச் சொல்கிறார்கள். சுமார் இப்படி:

"கண்ணா, பள்ளியை நினைச்சாலே உனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு எங்களுக்குப் புரியுது. அந்தப் பயத்தோடவே உன்னால சமாளிக்க முடியும்னும் எங்களுக்கு நம்பிக்கை இருக்கு. இதுவரைக்கும் ராத்திரி நீ கேக்கிற கேள்விக்கெல்லாம் திரும்பத் திரும்பப் பதில் சொன்னோம். அது உனக்கு உதவலைன்னு இப்பத் தெரியுது. நாளையிலிருந்து ஒரு தடவை மட்டும் சொல்லுவோம். அதுக்கப்புறம் நீ கேட்டா, கையைப் பிடிச்சுக்குவோம், பதில் சொல்லமாட்டோம். அம்மா, அப்பா."

இதில் எடைபோட வேண்டியது இரண்டாவது வரி. புரிந்துகொள்வது மட்டும் இருந்தால் பரிதாபமாகிவிடும், நம்பிக்கை மட்டும் இருந்தால் அதட்டலாகிவிடும். இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். பிள்ளை கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. படித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். முதல் சில நாட்கள் அழுகையும் கத்தலும் கூடும். 'இது வேலை செய்யலை' என்று நான்காம் நாள் பழையபடி பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று நாமே கற்றுத்தந்ததாகிவிடும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒத்துப்போகும் வரை கடிதத்தைக் கொடுக்காமல் இருப்பது மேல். அம்மா நிறுத்தியதைப் பாட்டி தொடர்ந்தால் பலன் இல்லை. அதே பாட்டியை உதவிக்கு அழைத்து, "உன் தைரியத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன்டா" என்று ஒரு குரல் செய்தி அனுப்பச் சொன்னால், அது பெற்றோரின் பத்து அறிவுரைகளைவிட அதிகம் வேலை செய்யும்.

பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால் அதைக் கத்தலின் ஒரு பகுதி என்று கடந்து போகக் கூடாது. திட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

'ஸ்பேஸ்' நம் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறது? வேகமாகத் தொடங்குகிறது. ஆனால் பள்ளி வாசல் வரைதான் வரும். வினாத்தாளின் மூன்றாவது காரணமான அருகாமைக்கும், வீட்டு வசதி சேர்ந்த நான்காவதற்கும் இதுவே எங்கள் முதல் தேர்வு. தேர்வுப் பயத்துக்கும் சக மாணவர் பயத்துக்கும் பிள்ளையோடு நேரடியாகச் செய்யும் பயிற்சி கூடவே வேண்டும்.

இரண்டு திட்டத்திலும் இல்லாததைப் பள்ளியோடு சேர்ந்து நாமே கட்ட வேண்டும். அதுதான் திரும்பும் ஏணி. முழு நாள் என்று ஆரம்பிக்காமல், பிள்ளை தாங்கும் ஒரு மணி நேரத்தைப் பிடித்து அதிலிருந்து நீட்டுவது வழக்கம். கடைசி வகுப்புக்கு மட்டும் போய் எல்லோரோடும் வீடு திரும்புவது பலருக்கு எளிது, ஏனென்றால் முடியும் நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு ஒவ்வொரு வகுப்பாக முன்னோக்கிச் சேர்க்கலாம். பயத்தை 0 முதல் 8 வரை அளக்கச் சொன்னால் படிகள் தாமாக வரிசையாகும். விடுமுறை நாளில் பள்ளிச் சுற்றுச்சுவர் வரை நடப்பது 2, சீருடையோடு வாசலில் பத்து நிமிடம் நிற்பது 3, நூலகத்தில் ஒரு வகுப்பு நேரம் 4, கடைசி வகுப்பு 6, காலை வழிபாட்டுக் கூட்டம் 8. ஒரு படியில் எண் பாதியாகும் வரை அங்கேயே இருக்க வேண்டும். எண் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கு அழைத்து வந்தால், முன்பு சொன்ன அந்த அரை மணி நேரப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். தவறிப்போகும் ஏணிகளில் பெரும்பாலானவை இங்கேதான் தவறுகின்றன. பள்ளியிலிருந்து 'அழறான், வந்து கூட்டிட்டுப் போங்க' என்று அழைப்பு வருகிறது, பெற்றோர் ஓடுகிறார்கள். இதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்: அழுதால் ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம் போகலாம், பத்து நிமிடம் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், வகுப்புக்குத் திரும்பலாம். வீட்டுக்கு அழைப்பு கிடையாது. தவறிய பாடங்களுக்கும் பள்ளி ஒரு வரம்பு சொல்ல வேண்டும். ஆறு வார வீட்டுப்பாடத்தை மொத்தமாகக் கொடுத்தால் ஏறிய ஏணியிலிருந்து பிள்ளை இறங்கிவிடும்.

காலை நேரத்துக்கும் ஒழுங்கு தேவை. பள்ளி தொடங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பே எழுப்புவது நல்லது, அவசரமே பதற்றத்தை ஏற்றும். சொல்வதைச் சிறிதாகச் சொல்ல வேண்டும்: "எழுந்திரு, பல் தேய்." 'ஏன் எழலை, எத்தனை தடவை சொல்றது' என்பது கட்டளை அல்ல, விவாதத்துக்கு அழைப்பு. வீட்டில் நிறுத்துவதற்கான அளவுகோலும் முன்பே தெரிந்திருக்கட்டும்: வெப்பமானியில் 38 டிகிரி செல்சியஸ் தொட்ட காய்ச்சல், நிற்காத வாந்தி, வயிற்றுப்போக்கு. அதற்குக் கீழ் எது என்றாலும் கிளம்பல். அப்படியும் ஒரு நாள் போகாவிட்டால் தண்டனை வேண்டாம். பள்ளி நேரம் முழுக்க மேசையில் பாடம், திரை இல்லை, மாலை வழக்கம்போல். வீட்டில் இருக்கும் நாள் சலிப்பாக இருந்தாலே போதும்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சை எண்ணுவது, தசையைத் தளர்த்துவது எல்லாம் படியேறும்போது கையில் பிடிக்க உதவும் கைப்பிடி. ஏணிக்கு மாற்றாக அதை வாங்கினால் பணம் வீண். பயம் வரும்போதெல்லாம் செயலியைத் திறந்தால்தான் தப்பலாம் என்று பிள்ளை நம்பத் தொடங்கினால், அதுவே இன்னொரு தவிர்ப்பாகிவிடும்.

நீண்ட விடுமுறைக்கும் காய்ச்சலுக்கும் பிறகு மறுப்பு மறுபடி எட்டிப்பார்க்கலாம். அப்போது ஏணியைத் தரையிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட படிக்கு ஒன்றிரண்டு படி கீழே தொடங்கினால் போதும். விடுமுறையின் கடைசி மூன்று நாள் எழும் நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு மாற்றிவிட்டு, முந்தைய மாலை பள்ளி வாசல் வரை ஒருமுறை நடந்து வந்துவிடுங்கள்.